நாலு விரல் இடைவெளி

எங்கள் கட்டடம் வாங்கிய மதிப்பெண் முப்பத்தொன்று.
முப்பத்துநாலுக்குக் கீழே தோல்வி.
நகராட்சி ஆள் வந்து
வாசல் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போனான்.
வெலிங்டன் காற்று
அன்று மாலையே அதில் ஒரு மூலையை உரித்துவிட்டது.

"ஐம்பது வருஷமாக நிற்கிறதே" என்றார்
ஏழாம் மாடி வக்கீல்.
"ஆமாம். யாரும் தள்ளவில்லை" என்றாள் ஙைரே.

ஙைரே, பொறியாளர், மவோரிப் பெண்.
நெடுங்கணக்கில் முதுகை வளைத்து
சும்மா உட்கார்ந்திருந்த எழுத்து ஒன்றுக்கு
என் நாட்குறிப்பில்
அவள் பெயரால்தான் முதல் வேலை கிடைத்தது.

வேலையெல்லாம் இரவில்.
காலையில் விசைப்பலகை மேல் வெள்ளைப் பொடி.
Q-வையும் P-யையும் ஊதிவிட்டுச்
சம்பளப் பட்டியல் போட்டேன்.
தூண்களுக்குக் கறுப்புத் துணி சுற்றிப் பசை பூசியிருந்தார்கள்.
யார் செத்தது என்று கேட்க வாயெடுத்தேன்.
கரிநார், எஃகைவிடக் கெட்டி என்றார்கள்.

வரைபடத்தில் ஆறு அங்குலத்துக்கு ஒரு கம்பி வளையம்.
உடைத்துப் பார்த்தால் ஒன்பது, பத்து,
ஓரிடத்தில் வளையத்துக்குப் பதில்
ஒரு பியர் பாட்டில்.
பற்றவைக்கும் ஃபாலானிகோ அதைக் கழுவித்
தன் தேநீர்க் கரண்டிகளைப் போட்டுவைத்தான்.
அறிக்கையில் ஙைரே எழுதினாள்:
அந்நியப் பொருள், ஒன்று.

பதினோராம் மாடியில் கிளெனிஸின் சன்னலுக்குக் குறுக்கே
ஓர் இரும்புச் சட்டம் வந்தது.
துறைமுகம் இரண்டு முக்கோணமாயிற்று.
தென்தீவுக்குப் போகும் கப்பல்
ஒன்றில் மறைந்து மற்றதில் மூக்கை நீட்டும்.
மூன்று நாள் அவள் யாருடனும் பேசவில்லை.
நான்காம் நாள்
சட்டத்தில் தன் மழைக்கோட்டை மாட்டினாள்.

மார்ச்சில் படிக்கட்டை அறுத்தார்கள்.
மேல்முனை மட்டும் பிடித்துக்கொள்ளும்,
கீழ்முனை சும்மா உட்கார்ந்திருக்கும்,
சுவருக்கும் அதற்கும் நாலு விரல் இடைவெளி,
அதை மூட ஒரு தகடு.
மிதித்தால் டக்.
"பலப்படுத்துகிறோம் என்றுவிட்டு வெட்டுகிறீர்களே?"
வக்கீல்தான்.
"கட்டிப்போட்ட படி கட்டடம் ஆடும்போது முறியும்.
நழுவ இடம் வேண்டும்."

"அப்படியானால் இனி விழாது."

ஙைரே பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள்.
"விழாது என்று நான் கையெழுத்துப் போடவில்லை.
ஆட்டம் நின்று
நீங்கள் எல்லாரும் இறங்கி முடிக்கும்வரை விழாது.
அதற்குத்தான் இத்தனை கோடி."

காப்பி இயந்திரம் தனக்குத்தானே இருமியது.
கிளெனிஸ் கேட்டாள்:
"முடிக்கும்வரை என்றால், யார் முடிக்கும்வரை?"

மறுநாளிலிருந்து மதியம்தோறும் இறங்கினாள்,
கெட்ட முழங்காலோடு, கையில் கடிகாரத்தோடு.
ஆறு நிமிஷம் நாற்பது நொடி.
மே மாதம் ஐந்து ஐம்பது.
கேக் வெட்டினோம்.

ஜூலை, ஒரு செவ்வாய், இரண்டே கால்.
நீரிணைக்கு அடியில் எதுவோ புரண்டு படுத்தது.
மேசைக்கடியில் போனோம்.
என் மேசையின் அடிவயிற்றில்
யாரோ ஒட்டிய சூயிங்கம், பல் தடத்தோடு.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
சட்டம் ஒருமுறை முனகியது.
மழைக்கோட்டு இரண்டு கைகளையும் வீசி
நடக்கத் தொடங்கி
நின்றது.

பிறகு படி.
டக். டக். ஒவ்வொரு தளத்திலும் டக்,
முன்னால் போகிறவர் கால், பின்னால் என் கால்.
யாரும் ஓடவில்லை.
கிளெனிஸ் கைப்பிடியை விட்டு என் தோளைப் பிடித்தாள்.
ஏழாம் மாடியில் மட்டும் சத்தம் மாறியது.
தகடு விலகியிருந்தது.

தெருவில் காற்று, தலைக்கவசங்கள்,
பாதி தின்ற இறைச்சிப் பையோடு ஃபாலானிகோ.
எவ்வளவு ஆயிற்று என்றேன்.
கடிகாரத்தை அழுத்தவே மறந்திருந்தாள் கிளெனிஸ்.

மாலையில் ஙைரே டார்ச்சோடு மேலே போனாள்.
கூப்பிடாமலே வக்கீலும் போனார்.
ஏழாம் மாடியில் அவள் மண்டியிட்டு
இடைவெளிக்குள் கைவிட்டுப் பார்த்தாளாம்.
அவரும் மண்டியிட்டாராம், அந்தக் கோட்டோடு.

"மூன்று இருக்கிறது" என்றாளாம்,
கையை வெளியே எடுக்காமல்.